எறும்பு கடித்த மாதிரி

மருதப்பனின் சைக்கிள் மணி கேட்டால் போதும், பனவடலிசத்திரத்து ஆம்பிளைகள் சோளக்காட்டுக்குள் ஓடிப் பதுங்கிவிடுவார்கள். ஓடாமல் நிற்பவர்கள் பல்லுப்போன கிழவர்களும் கல்யாணமாகாத விடலைகளும்தான். அது எழுபத்தாறாம் வருஷம். நாட்டில் நெருக்கடி நிலை. மருதப்பனுக்கு அதைவிடப் பெரிய நெருக்கடி. சங்கரன்கோவிலில் குடும்பக் கட்டுப்பாட்டு உதவியாளர் உத்தியோகம் அவருக்கு. சுற்றுப்பட்டு ஊர்களில் அவருக்குப் பெயர் 'கட்டுப்பாட்டு சார்'. மாதாமாதம் நடக்கும் ஆபரேஷன் முகாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டு வரவேண்டும். அப்படி வரும் ஆளுக்குக் 'கேஸ்' என்று பெயர். கேஸ் குறைந்தால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மேலதிகாரி நேரிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆம்பிளைகள் ஓடியதிலும் காரணம் இருந்தது. அந்த ஆபரேஷன் செய்துகொண்டால் மீசை கொட்டிவிடும், குரல் கீச்சென்று ஆகிவிடும், மார் வைத்துவிடும், கொஞ்ச நாளில் ஆம்பிளை பொம்பிளையாகிவிடுவான் என்று ஒரு பேச்சு ஊர் ஊராகப் பரவியிருந்தது. மருதப்பன் படம் வரைந்த அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொண்டை வறளச் சொல்வார்.

"ஒண்ணும் ஆவாது வே. ஒரு சின்ன நரம்பக் கட்டுவாங்க, அம்புட்டுதான். ஆம்பள ஆம்பளையாத்தான் இருப்பான். வலியா? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

ஒருநாள் காளிராஜ் என்ற குசும்பு பிடித்த ஆள் கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டான்: "நீரு செஞ்சுகிட்டீரா வே?"

"மொத ஆளே நான்தான்" என்றார் மருதப்பன், மீசையைத் தடவிக்கொண்டு.

பச்சைப் பொய். நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன் அவர். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதருக்கு உள்ளுக்குள் அந்தப் பேச்சு முழுப்பொய்தானா என்று ஒரு நடுக்கம். அட்டையில் இருந்த படத்தைவிட ஊர்வாயைத்தான் அவரும் நம்பினார் போலிருக்கிறது. இதை அவர் மனைவி தங்கத்தாயிடம்கூடச் சொன்னதில்லை.

கார்த்திகை முகாமுக்கு முந்தின நாள் ஒரு கேஸ் குறைந்தது. மழை பெய்து கரிசல் மண் சைக்கிள் சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருள மறுத்தது. ஓடைப் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, இனி யார் காலில் போய் விழலாம் என்று யோசித்தபடி குச்சியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பருத்திக்குக் களையெடுத்துவிட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அதிலிருந்து ஒரு ஆள் மட்டும் பிரிந்து அவரிடம் வந்தது.

"சார், நாளைக்கு முகாம் இருக்காமே. நான் வாரேன்."

உச்சிமாகாளி. அந்தப் பக்கத்தில் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள் அந்தப் பெயரை. முப்பிடாதியம்மாளின் மகன் என்று ஊர் சொன்னது. தான் மகள் என்று உச்சிமாகாளிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். திருநங்கை என்ற சொல் அப்போது அந்தப் பக்கம் வந்து சேரவில்லை. இருந்ததெல்லாம் 'பொம்பளச்சட்டி' என்ற சொல்தான், அதையும் முதுகுக்குப் பின்னால் சொல்லும் நாகரிகம்கூட இல்லாமல் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நாம் அவள் என்றே சொல்லிவிடுவோம். மருதப்பன்தான் அன்றைக்கு அவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, ஒனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே. பிள்ளகுட்டி உள்ளவனுக்குத்தாம்ல இது."

"ஆயிரும் சார். மாசியில மாமா மக மாடத்தியக் கட்டி வைக்கப் போறாங்க. பரிசம் போட்டாச்சு. அதுக்கு முன்னாலதான் நான் மாறிறணும்." அவள் திரும்பி, பெண்கள் தூரம் போய்விட்டார்களா என்று பார்த்துக்கொண்டாள். "ஊர்ல சொல்லுதாங்கள்லா சார், இது செஞ்சா பொம்பளையா ஆயிருவாங்கன்னு. அது நெசமா?"

மருதப்பனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நரம்பு, முடிச்சு, ஆம்பள ஆம்பளையாத்தான் இருப்பான். சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். ஊரெல்லாம் எந்தப் பேச்சுக்குப் பயந்து ஓடியதோ, அந்தப் பேச்சை நம்பி ஒரு ஆள் தேடிவந்து நிற்கிறது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இந்த ஒரு கேஸும் போய்விடும். குச்சியைத் தூர எறிந்தார்.

"ஊரே சொல்லுதுன்னா ஒண்ணுமில்லாமலா சொல்லும்?"

பொய் சொல்லவில்லை, கேள்விதானே கேட்டேன் என்று பின்னாளில் எத்தனையோ தடவை தனக்குள்ளேயே வழக்காடிப் பார்த்தார். ஒரு தடவையும் வழக்கு அவர் பக்கம் நிற்கவில்லை.

உச்சிமாகாளியின் முகம் மலர்ந்துபோனது. "மாடத்தி நல்ல பிள்ள சார். அவ பொழப்பக் கெடுத்துருவேனோன்னு எனக்குச் சோறே எறங்கல" என்றாள். அந்த ஆறுதலைப் பார்க்க மருதப்பனால் முடியவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு, மண் அப்பிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

முகாம் நடந்தது சங்கரன்கோவிலில் ஒரு பருத்திக் கிட்டங்கியில். பொதிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, நடுவில் வெள்ளைத் துணி கட்டி மறைத்து, மேசை போட்டிருந்தார்கள். டாக்டர் குருநாதன் வெளியூரிலிருந்து வந்திருந்தார். கெட்டிக்காரர், கெட்டவரும் அல்ல. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வேலையைச் செய்கிறவருக்கு முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது?

"பிள்ளைக எத்தனை?"

உச்சிமாகாளி விழித்தாள். "ரெண்டு சார்" என்று மருதப்பன் முந்திக்கொண்டார்.

"மனைவி பேரு?"

"தங்கத்தாய்."

வாயில் வந்தது அதுதான். அவருடைய சொந்தப் பெண்டாட்டியின் பெயர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காது மடல் சூடேறியது. மேசையில் படுத்த உச்சிமாகாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லல. மரத்துப்போற ஊசி போடுவாங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார் மருதப்பன், எல்லாருக்கும் சொல்வது மாதிரியே.

முடிந்து வெளியே வந்தவளுக்கு, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது போல ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒங்கள மறக்க மாட்டேன் சார்" என்றாள். மருதப்பன் அன்று வீட்டுக்குப் போனதும், தங்கத்தாய் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு, தலை வலிக்கிறது என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை மாத முகாமும் அதே கிட்டங்கியில்தான். கேஸ்கள் பெஞ்சியில் உட்கார்ந்திருக்க, வாசலில் உச்சிமாகாளி நிற்பதை மருதப்பன் பார்த்தார். மற்றவர்கள் காதில் என்ன விழுமோ என்ற பயத்தில் ஓடிப்போய் அவளைப் பொதிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சார், இன்னும் எம்புட்டு நாளாகும்?"

"எதுக்கு?"

அவள் மோவாயைத் தடவிக் காட்டினாள். "மூஞ்சியில முடி மொளைக்கது நிக்கவே இல்ல. குரலும் அப்படியேதான் இருக்கு. மாசி பொறக்கப் போவுது. எனக்கு மட்டும் மருந்து பிடிக்கலியோ? இன்னொரு தடவ செய்யணுமா சார்?"

தினமும் காலையில் எழுந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் இந்த நாட்களைக் கழித்திருக்கிறாள் என்பது அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது மருதப்பனுக்கு.

"மாறாது. அதுல ஒண்ணும் மாறாது. ஒரு நரம்பக் கட்டுனாங்க, அம்புட்டுதான்."

"அப்ப ஊர்ல சொல்லுதது?"

"பொய்."

"அது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

மருதப்பன் பருத்திப் பொதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஒங்க மீசையப் பாத்தாவது நான் யோசிச்சிருக்கணும். நீங்கதான் மொத ஆளாச் செஞ்சுகிட்டேன்னு சொன்னீங்களே."

"நான் செஞ்சுகிடல" என்றார். எங்கிருந்தோ அந்த உண்மை வந்து விழுந்தது. குறைந்த அந்த ஒரு கேஸாக அன்றைக்கு நானே போய்ப் படுத்திருக்கலாமே என்ற நினைப்பு அப்போதுதான் முதல்முதலாக அவருக்கு வந்தது. கேவலமாக இருந்தது.

அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படி எதையாவது செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். துணித் தடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நெசமாவே மாத்துத ஆபரேசன் இருக்கும்லா சார்? அதுக்கு முகாம் எப்பம்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் துணித் தடுப்பை விலக்கிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றுவிட்டாள். மருதப்பன் பின்னாலேயே ஓடினார்.

டாக்டர் குருநாதன் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். அதுவரைக்கும் மரியாதைதான். "வெளிநாட்டுல எங்கேயோ செய்யறாங்கன்னு படிச்சிருக்கேன். இங்கே கிடையாது" என்றார்.

"ஏன் சார் கெடையாது? சர்க்கார் ஆஸ்பத்திரியில எல்லாம் செய்வாங்கன்னுதான சொல்லுதாங்க?"

"சர்க்கார் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு. நல்லா இருக்கிற உடம்பை வெட்ட அரசாங்கம் செலவழிக்க முடியுமா?"

"அன்னைக்கு என்னைய வெட்டினது எந்த நோய்க்கு சார்? நல்லா இருந்த ஒடம்பத்தான வெட்டினீங்க. வாளியும் குடுத்தீங்க."

வெளியே பெஞ்சியில் யாரோ சிரித்தார்கள். டாக்டரின் முகம் சிவந்தது. "அது நாட்டுக்காகச் செய்யறது."

"நாட்டுக்குன்னா வெட்டலாம், எனக்குன்னா வெட்டக்கூடாதா? இந்த ஒடம்புக்குள்ள நான் படுத பாட்டுக்கு நோய்னு பேரு இல்லாட்டி வேற என்ன பேரு வைக்கணும், நீங்களே சொல்லுங்க."

டாக்டர் கையிலிருந்த பஞ்சைத் தட்டில் போட்டார். என்ன பேர் வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாதவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார், வேறு கேள்விக்குத் தாவினார். "இரு. நீ மாசியிலே கல்யாணம்னு சொல்றே. கார்த்திகையிலே ரெண்டு பிள்ளைன்னு சொன்னது யாரு?" அவர் பார்வை மருதப்பனிடம் திரும்பியது. "உன்னை ஏமாத்திக் கூட்டிட்டு வந்தாங்களா? பயப்படாமச் சொல்லு. அப்படின்னா இவரு வேலையே போயிடும்."

மருதப்பனுக்கு நாலு பிள்ளைகளும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். உச்சிமாகாளி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா, அவர் சாகும்வரை நினைத்துப் பார்த்தும் பிடிபடாத பார்வை அது.

"இல்ல சார். நான்தான் சாருகிட்டப் பொய் சொன்னேன். ரெண்டு பிள்ள இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

அந்த இடத்தில் மருதப்பன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்பது போல நின்றார். டாக்டர், "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார்.

தெருவில் அவள் பின்னாலேயே போனார். என்ன சொல்வதற்காகப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. அவளே நின்றாள்.

"கோயில்பட்டியில என்னைய மாதிரி ஒரு அக்கா இருக்காங்க சார். வடக்க ஒரு தாயம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க வீட்டுல வச்சே கையால அறுத்து விட்டுருவாங்களாம். மயக்க மருந்தெல்லாம் கெடையாது. சாமி படத்தப் பாத்துக்கிட்டே நிக்கணுமாம். பொழச்சாப் பொழச்சது." அவள் தயங்கினாள். "அன்னைக்கு ஒரு ஊசி போட்டாங்கள்லா. பொறவு வலியே தெரியல. அது ஒண்ணே ஒண்ணு குடுங்க சார். கொண்டு போயிருதேன்."

அந்த ஊசி மருந்து இருந்த பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தான் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"அது சர்க்கார் மருந்து. வெளிய குடுக்க முடியாது. பஞ்சு வேணும்னா தாரேன், நெறைய இருக்கு."

உச்சிமாகாளி சிரித்துவிட்டாள். "பஞ்சு எங்க காட்டுலயே வெளையுது சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

மாசியில் கல்யாணம் நின்றுபோனது. மாடத்தியைத் திருவேங்கடத்தில் வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முப்பிடாதியம்மாள் ஒருநாள் ஆபீசுக்கே வந்து, "எம் பிள்ள ஒங்கள்ட்ட வந்து பேசிக்கிட்டு இருந்ததாச் சொன்னாங்க சார், எங்க போறேன்னு ஏதும் சொல்லுச்சா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றார் மருதப்பன். அந்தத் தாய் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த முகாமில், யாரும் கூப்பிடாமலே, மருதப்பன் தானே மேசையில் ஏறிப் படுத்தார். சக ஊழியர்கள் கேலி செய்து தீர்த்தார்கள். ஊசி குத்தியதும் அவர் பல்லைக் கடித்தார். எறும்பு கடித்த மாதிரி இல்லை. நன்றாகவே வலித்தது. மீசை அப்படியேதான் இருந்தது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் எறும்புக் கதையை மட்டும் அவர் சொல்வதில்லை. வலிக்குமா என்று யாராவது கேட்டால் அட்டையை மடக்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அப்படி நின்றவரைப் பார்த்து ஊர்க்காரர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

எண்பத்துமூன்றில் அவர் ராஜபாளையம் ரோட்டில் ஒரு சின்ன சர்க்கார் டிஸ்பென்சரியில் இருந்தார். ஆடித்தபசு முடிந்த மறுநாள். திருவிழாக் கூட்டத்தில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று ரோடு வரைக்கும் நின்றார்கள். பெண்கள் வரிசையில் சலசலப்பு. மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தியை, "அங்கன ஆம்பள வரிசையில போயி நில்லு" என்று தள்ளினார்கள். அவள் அந்தப் பக்கம் போனபோது ஆண்கள் விசிலடித்தார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருதப்பனுக்கு அடையாளம் தெரிந்தது. முதலில் கால்கள் அறைக்குள் போகத்தான் திரும்பின, அதை மறைக்க முடியாது. அவள் தலையைத் தூக்கினாள்.

"சார், கட்டுப்பாட்டு சார்தான? உச்சிமாகாளி. பேர மட்டும் மாத்தவே இல்ல சார், அதே பேருதான்."

அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் பெஞ்சியில் படுக்க வைத்தார். அறுத்த இடத்தில் புண் ஆறும்போது சிறுநீர்த் துவாரம் சுருங்கிவிட்டதாம். வருஷக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது, நேற்றிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. எங்கே போனாலும், நீயாக இழுத்துக்கொண்டதற்கு நாங்கள் பொறுப்பா என்று விரட்டினார்களாம். டாக்டர் ஆயிஷம்மாள் வந்து பார்த்துவிட்டு, "சின்னதாக் கீறித்தான் குழாய் விடணும். மரத்துப்போற ஊசி எடுங்க மருதப்பன்" என்றார். அறுப்பதற்கு இல்லை என்று சொன்ன அதே சர்க்கார் மருந்து, அறுத்துக் கெட்டுப்போன பிறகு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

"இதை மொதல்லயே ஒரு ஆஸ்பத்திரியில முறையாச் செஞ்சிருந்தா இந்தக் கஷ்டமே வந்திருக்காதே" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

"இவ கேட்டா மேடம்" என்றார் மருதப்பன். "ஆபரேசன் கேட்டா, நாங்க இல்லைன்னுட்டோம். இந்த ஊசியாவது கேட்டா, நான் குடுக்கல. அதுக்கு முன்னாலயே பொய் சொல்லி நான்தான் இவள முகாமுக்குக் கூட்டிட்டுப் போனேன். தான்தான் பொய் சொன்னதாச் சொல்லி இவ என் வேலையைக் காப்பாத்தினா." டாக்டர் துண்டால் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"அத விடுங்க சார்" என்றாள் உச்சிமாகாளி. "வடக்க அந்தத் தாயம்மா முன்னால நிக்கையில நான் ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டேன்."

"என்னைய வைதியா?"

"இல்ல சார். எல்லாரும் சாமி பேரச் சொல்லச் சொன்னாங்க. எனக்கு சாமி பேரே வாயில வரல. எறும்பு கடிச்ச மாதிரிதான், எறும்பு கடிச்ச மாதிரிதான்னு நீங்க சொன்னத சொல்லிக்கிட்டே நின்னேன்." அவள் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். அன்றைக்குப் பிடித்த அதே பிடி. "இப்பமும் பக்கத்துல நின்னு அதையே சொல்லுங்க சார். எனக்குத் தைரியமா இருக்கும்."

மருதப்பனின் வாய் திறந்தது. ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை. உதடு அசைந்ததே தவிர அது வெளியே வரவில்லை. கண்ணிலிருந்து நீர் மீசையில் இறங்கியது, துடைத்துக்கொள்ள அவர் கையை விடுவிக்கவில்லை.

"வலிக்கும் தாயி" என்றார். "ஊசி குத்துதப்ப நல்லாவே வலிக்கும். பொறவுதான் மரக்கும்."

உச்சிமாகாளி அவரையே பார்த்தாள்.

"இதயாவது நெசமாச் சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார்.